கெட்ட மாதத்தின் கணக்கு

முதல் சம்பளம் வந்ததும் ஒரு கிரெடிட் கார்டு வாங்கிவிட வேண்டும். கார்டு இல்லாவிட்டால் சிபில் ஸ்கோர் வராது. ஸ்கோர் இல்லாவிட்டால் நாளைக்கு வீட்டுக்கடன் கிடைக்காது. ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு வட்டியே கிடையாது, வருவதெல்லாம் லாபம்தான். சிறுசேரியிலோ சரவணம்பட்டியிலோ ஒரகடத்திலோ வேலைக்குச் சேர்கிற எந்தப் பிள்ளையும் இந்தப் பேச்சை முதல் மாதத்துக்குள் கேட்டுவிடுகிறது. டீம் லீடர் சொல்கிறார். அறையில் கூடத் தங்கியிருக்கும் நண்பன் சொல்கிறான். சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலிருந்து போன் போட்டும் சொல்கிறார்கள். "இந்த ஆண்டின் சிறந்த ஐந்து கார்டுகள்" என்று காணொளி போடுகிறவர் சொல்லி முடித்துவிட்டு, கீழே இணைப்பையும் கொடுக்கிறார். அந்த இணைப்பு வழியாக நாம் கார்டு வாங்கினால் அவருக்குக் கமிஷன் உண்டு. அதைப் பலர் சொல்வதில்லை.

இது இன்று யாரும் கேள்வி கேட்காத பொது அறிவாகிவிட்டது. நான் கேட்கிறேன். இந்தப் பேச்சின் ஒவ்வொரு கண்ணியும் பாதி உண்மை. ஆனால் ஆழமான தவறு வேறொரு இடத்தில் இருக்கிறது. எல்லாம் சரியாக நடக்கும் ஒரு மாதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கார்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்: சம்பளம் ஒன்றாம் தேதி விழுகிறது, பில் வருகிறது, முழுத் தொகையும் போகிறது, பாயின்ட் சேர்கிறது. அந்த மாதத்தில் எந்தக் கார்டும் நல்ல கார்டுதான். சம்பளம் வராத மாதத்தில் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் முதல் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், பலர் இப்போதைக்குக் கார்டே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவார்கள். மற்றவர்கள் முற்றிலும் வேறொரு கார்டை எடுப்பார்கள்.

சிபிலிலிருந்து தொடங்குகிறேன். பயம் அங்கேதான் விதைக்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிபில், கடன் விவரங்களைச் சேகரிக்கும் நிறுவனம். எக்ஸ்பீரியன், எக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று உண்டு. 300 முதல் 900 வரை போகும் அந்த எண், நாம் வாங்கிய கடன்களை எப்படித் திருப்பிக் கட்டினோம் என்பதன் பதிவு. கடன் என்றால் எந்தக் கடனும். வண்டிக்கடன், நகைக்கடன், செல்போனுக்குப் போட்ட தவணைக்கடன், எல்லாமே அங்கே போய்ச் சேர்கின்றன. கல்விக்கடனும் சேர்கிறது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இது மிகப் பெரிய விஷயம். இங்கே பொறியியலும் நர்சிங்கும் படித்து வெளியே வருகிற பிள்ளைகளில் ஏராளமானோர் கல்விக்கடனில் படித்தவர்கள். நான்கு லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும் அந்தக் கடன், மாணவர் பெயரிலும் கூடக் கையெழுத்துப் போட்ட அப்பா அல்லது அம்மா பெயரிலும் பதிவாகியிருக்கிறது. அப்படியானால், "உன்னைப் பற்றி வங்கிக்கு ஒன்றுமே தெரியாது, கார்டு வாங்கினால்தான் தெரியும்" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது பொய். பதினெட்டு வயதிலேயே அந்தப் பிள்ளைக்குக் கடன் வரலாறு தொடங்கிவிட்டது. படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டு வரை தவணை கட்டாமல் இருக்க அவகாசம் உண்டு; அதன் பிறகு இஎம்ஐ தொடங்கும். பலருக்கு இது வேலையின் முதல் ஆண்டிலேயே வந்துவிடும். அவகாசக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், எதிர்பார்த்ததைவிடத் தவணை பெரிதாக இருக்கும். அந்தத் தவணைகளை ஒன்று விடாமல் கட்டினால் ஸ்கோர் தானாக வளரும். கார்டு பில்லையும் பைக் தவணையையும் கட்டிவிட்டுக் கல்விக்கடனைத் தள்ளிப்போட்டால், ஸ்கோருக்காக வாங்கிய கார்டே ஸ்கோரைக் கெடுத்த காரணமாக நிற்கும். அதில் அப்பாவின் ஸ்கோரும் சேர்ந்து விழும். இதைச் சொல்லும் "சிறந்த ஐந்து கார்டு" காணொளி ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

சரி, கல்விக்கடனும் வாங்காதவருக்கு? அவருக்கும் வாசல் மூடியில்லை. கடன் வரலாறே இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று, 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி நாடாளுமன்றத்திலேயே இதைத் தெரிவித்தார். கடனுக்கு இத்தனை ஸ்கோர் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எந்தக் குறைந்தபட்ச எண்ணையும் வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஸ்கோர் இருந்தால் வட்டியில் சிறிது சலுகை தரும் வங்கிகள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கடனைத் தீர்மானிப்பது சம்பளம், வேலையின் நிலைத்தன்மை, கையில் இருக்கும் முன்பணம், மனையின் பத்திரம், வில்லங்கச் சான்று இவைதான். இருபத்திரண்டு வயதில் கார்டு வாங்காததால் முப்பது வயதில் வீடு போய்விடும் என்பது ஆதாரமில்லாத அச்சுறுத்தல்.

அடுத்தது, "ஒழுங்காகக் கட்டினால் வட்டி இல்லை" என்ற வாதம். எழுத்துக்கு எழுத்து உண்மைதான். ஆனால் இதைச் சொல்கிறவர்கள், கட்டத் தவறுவதை ஒரு குணக்கேடு போலப் பேசுகிறார்கள். பொறுப்பானவன் கட்டுவான், ஊதாரி சிக்குவான் என்று. முதல் மூன்று நான்கு ஆண்டு வேலை வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து, ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்டில்தான் தருகிறார்கள். அது வாரக்கணக்கில் இழுக்கும். புது நிறுவனத்தில் மாத நடுவில் சேர்ந்தால் அடுத்த மாதக் கடைசியில்தான் முழுச் சம்பளம். இடையில் புது அறைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். எந்தத் தப்பும் செய்யாத, கணக்காகச் செலவு செய்கிற ஒருவருக்கே இப்படி ஒரு மாதம் வரும். அக்கா கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், பெஞ்சில் உட்கார வைத்துப் பிறகு அனுப்பிவிடும் நிறுவனம், இவையெல்லாம் அதற்கு மேல். கெட்ட மாதம் ஒழுங்கானவர் வீட்டுக்கும் வரும். அது வரும்போது கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரும்பாலான வங்கிகள் கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம் வட்டி வைக்கின்றன. குறைந்ததையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பில் தேதி 15, கட்ட வேண்டிய கடைசி நாள் அடுத்த மாதம் 4 என்று வையுங்கள். ஜூன் 20 அன்று 40,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்குகிறீர்கள். ஜூலை 15 பில்லில் 40,000 வருகிறது. ஆகஸ்ட் 4ஆம் தேதி கையில் பணம் இல்லை. பில்லில் "மினிமம் டியூ 2,000" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பல வங்கிகளில் அது பாக்கியில் ஐந்து சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதைக் கட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறீர்கள். ஆகஸ்ட் 15 பில்லில் என்ன இருக்கும்? வட்டி ஆகஸ்ட் 4இலிருந்து தொடங்காது. போன் வாங்கிய ஜூன் 20இலிருந்தே தொடங்கும். 40,000 ரூபாய்க்கு 45 நாள் வட்டி 2,071 ரூபாய். மீதி 38,000க்கு 12 நாள் வட்டி 525. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 467. ஆக, 3,063 ரூபாய். நீங்கள் கட்டியது இரண்டாயிரம். ஏறியது மூவாயிரத்துக்கும் மேல். நாற்பதாயிரம் கடன் இப்போது 41,063 ஆகிவிட்டது.

இதோடு நிற்பதில்லை. முழுப் பாக்கியையும் கட்டாதவருக்கு, வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே ரத்தாகிவிடுகிறது. அதாவது, அந்த மாதம் புதிதாக வாங்கும் அரிசி, போடும் பெட்ரோல், குடிக்கும் காபி எல்லாவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. பழைய பாக்கி முழுவதும் அடையும் வரை இப்படித்தான். 2022 செப்டம்பரிலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து, கடைகளின் க்யூஆர் குறியீட்டிலேயே ஸ்கேன் செய்ய முடிகிறது. முன்பு மாலில் மட்டும் தேய்த்த கார்டு இன்று மளிகைக் கடைக்கும் டீக்கடைக்கும் வந்துவிட்டது. வசதி என்று சொல்கிறார்கள். கெட்ட மாதத்தில் அந்த வசதி, பத்து ரூபாய் டீயையும் வட்டிக்கடனாக்குகிறது.

நம் ஊர்களில் வட்டியை நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்றுதான் பேசுவார்கள். இரண்டு வட்டி என்றாலே பெரியவர்கள் யோசிப்பார்கள். மூன்று வட்டிக்கு வாங்குகிறான் என்றால் வீடு நொடிக்கப் போகிறது என்று அர்த்தம். கிரெடிட் கார்டு மூன்றரை வட்டி. ஜிஎஸ்டியைச் சேர்த்தால் நான்கு வட்டிக்கு மேல். கந்துவட்டியைத் தடுக்க இந்த மாநிலம் 2003இல் தனிச் சட்டமே போட்டது. அது வங்கியைத் தொடாது. வங்கி விதித்த வட்டி அதிகம் என்ற காரணத்தைக் காட்டிக் கணக்கை நீதிமன்றம் மறுபடி திறக்க முடியாது என்று 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே பிரிவு இருக்கிறது. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் துணிந்து ஒரு தீர்ப்புச் சொன்னது: கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை. பதினாறு ஆண்டு வழக்குக்குப் பிறகு, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதத்துக்கு உச்சவரம்பு வைப்பது ஆணையத்தின் அதிகாரத்தில் இல்லை என்பது அதன் நிலை. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். அதன் விளைவு, இன்று இந்தியாவில் கிரெடிட் கார்டு வட்டிக்கு எண்ணால் குறிக்கப்பட்ட உச்சவரம்பு எதுவும் இல்லை. முதல் கார்டு வாங்கப் போகிற பிள்ளைக்கு, ஏர்போர்ட் லவுஞ்சைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதை ஒருவர் சொல்லியிருக்க வேண்டாமா? இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

ரிவார்டு பாயின்ட் பற்றி அதிகம் பேச எதுவுமில்லை. மாதம் பத்தாயிரம் ரூபாய் கார்டில் செலவழிக்கிறவருக்கு ஒரு சதவீத கேஷ்பேக் என்றால் நூறு ரூபாய். ஒரே ஒரு முறை தேதி தவறினால், பத்தாயிரத்தைத் தாண்டிய பில்லுக்குப் பல வங்கிகளில் தாமதக் கட்டணம் எண்ணூறு, தொள்ளாயிரம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஓராண்டுச் சேமிப்பின் பெரும்பகுதி ஒரு மறதியில் போய்விடும். "நோ காஸ்ட் இஎம்ஐ" என்பதும் அப்படித்தான். வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. வட்டி பொருளின் விலைக்குள்ளோ கட்டணத்துக்குள்ளோ ஒளிந்திருக்கும்.

அவசரத்துக்கு உதவும் என்கிறார்களே, அது? இந்த வாதத்துக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொல்லும்போது கார்டு கைகொடுக்கும். ஆனால் கார்டு அங்கே காலத்தைத்தான் தருகிறது. அதிகம் போனால் நாற்பது, ஐம்பது நாள். அதற்குள் பணம் வரும் வழி இருக்கிறவருக்கு மட்டுமே அது உதவி. வழி இல்லாதவருக்கு அவசரத்தோடு மூன்றரை வட்டியும் சேர்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ இருக்கிறது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. இந்த அட்டைகள் எடுத்துவைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்காமல், கிரெடிட் கார்டை மருத்துவக் காப்பீடு போலப் பரிந்துரைப்பது தவறு. நகை இருக்கும் வீட்டில் வங்கி நகைக்கடன் ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும். அதே நாற்பதாயிரத்துக்கு அங்கே மாதம் 330 ரூபாய் வட்டி. கார்டில் ஜிஎஸ்டியோடு 1,650. கார்டைத் தேய்த்துப் பணமாகக் கொடுக்கும் கடைகளில் இரண்டு மூன்று சதவீதம் கமிஷன் கொடுத்து, ஒரு கார்டை வைத்து இன்னொரு கார்டை அடைக்கும் "ரொட்டேஷன்" வரை போகிறவர்களில் பலர், நகையை வைத்தால் கௌரவக் குறைவு என்று நினைத்துத்தான் அங்கே போனார்கள். கார்டில் கடன் வாங்கினால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

கார்டு எப்போதும் கூடாது என்று சொல்லும் பெரியவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. இணையத்தில் வாங்கும்போது ஏமாற்று நடந்தால், டெபிட் கார்டில் போவது நம் சேமிப்பு. கிரெடிட் கார்டில் வழக்கில் நிற்பது வங்கியின் பணம். வெளியாரின் மோசடியைத் தகவல் வந்த மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் விதித்தது இரண்டு கார்டுக்கும் பொருந்தும். ஆனால் விசாரணை முடியும் வரை வாடகைக்குப் பணம் இருக்குமா என்பதில் வித்தியாசம் பெரிது. இந்த ஒரு பயனுக்காகவே, நேரம் வரும்போது ஒரு கார்டு வைத்துக்கொள்ளலாம்.

நேரம் எப்போது வரும்? என் அளவுகோல் இது: மூன்று மாதச் செலவுக்கான பணம் வங்கியில் நிற்க வேண்டும், கல்விக்கடன் தவணை தடங்கலின்றி ஓட வேண்டும். இதற்கு ஓராண்டு ஆகலாம், இரண்டு ஆண்டும் ஆகலாம். அதன் பிறகு, விண்ணப்பிக்கும் முன் சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை வாங்கிப் படியுங்கள். கல்விக்கடன் அதில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா, நீங்கள் வாங்காத கடன் ஏதாவது உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் புகார் செய்யலாம். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி இருக்கிறது.

எந்தக் கார்டு என்பதற்கு என் பதில் பலருக்குச் சப்பென்று இருக்கும். எஃப்.டி.யின் மேல் தரப்படும் கார்டு. இருபதாயிரமோ இருபத்தைந்தாயிரமோ டெபாசிட் போட்டால், அதில் எண்பது, தொண்ணூறு சதவீதம் லிமிட்டாகக் கிடைக்கும். டெபாசிட்டுக்கு வட்டி வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். சம்பளச் சீட்டும் பழைய ஸ்கோரும் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். மற்ற கார்டைப் போலவே இதுவும் சிபிலுக்குப் போகிறது. ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டினால் ஸ்கோர் உருவாகிவிடும். இதைவிட முக்கியம், கெட்ட மாதத்தில் இழப்பு எங்கே நிற்கும் என்பது முன்கூட்டியே தெரியும். மாதம் 25,000 சம்பளக்காரருக்கு வங்கி தானாக முன்வந்து 75,000 ரூபாய் லிமிட் கொடுக்கும். அது முழுவதும் பாக்கியாக நின்றால் மாத வட்டியும் ஜிஎஸ்டியும் மட்டும் 3,097 ரூபாய்; சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு, அசலில் ஒரு பைசா குறையாமல். அதே ஆள் 16,000 ரூபாய் லிமிட்டில் சிக்கினால் 661 ரூபாய். முதல் கார்டைத் தேர்ந்தெடுக்க இந்த இரண்டு எண்கள் போதும். லவுஞ்சும் சினிமா டிக்கெட்டும் இந்த வித்தியாசத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

எஃப்.டி. போட முடியாத நிலையில் இருக்கிறோம் என்றால், அதுவே இன்னும் நேரம் வரவில்லை என்பதற்கான பதில். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே சாதாரண கார்டு எடுக்கிறவர்கள், லிமிட்டை அரை மாதச் சம்பளத்துக்குக் குறைத்துத் தரும்படி எழுதிக் கேளுங்கள். நம் சம்மதம் இல்லாமல் லிமிட்டை உயர்த்த அவர்களுக்கு உரிமை இல்லை. "வாழ்த்துகள், உங்கள் லிமிட் உயர்கிறது" என்ற செய்திக்கு வேண்டாம் என்று பதில் சொல்லலாம். ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டாக எடுங்கள். பில் தேதியை, கடைசி நாள் சம்பளத்துக்கு ஒரு வாரம் பின்னால் விழும்படி மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஆட்டோ டெபிட் போடும்போது விழிப்பாக இருங்கள்: மினிமம் டியூ, டோட்டல் டியூ என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். மினிமத்தைத் தொட்டுவிட்டு மறந்தால், மாதாமாதம் தானாகவே வட்டி ஏறிக்கொண்டிருக்கும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுக்காதீர்கள். அதற்கு வட்டியில்லாக் காலமே கிடையாது, எடுக்கும் கட்டணமும் தனி. தேதி ஒரு நாள் தவறிவிட்டால் பதறாமல் உடனே கட்டுங்கள். கடைசி நாள் கழிந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் வாங்கவும் சிபிலுக்கு எழுதவும் முடியும்.

விண்ணப்பம் ஒன்று போதும். மாலில் மேசை போட்டு நிற்கும் பிள்ளைகளின் மாத இலக்குக்காக ஐந்து வங்கியில் கையெழுத்துப் போட்டால், ஐந்து வங்கியும் அறிக்கையைத் திறந்து பார்க்கும். கடனுக்கு அலைகிறவர் என்று ஸ்கோர் இறங்கும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது வங்கியின் கடமை. அதை வாங்கிப் படித்துச் சரிசெய்துவிட்டு, சில மாதம் கழித்துப் போங்கள். கேட்காமலே கார்டு அனுப்பி அதற்குக் கட்டணமும் போட்டால், அந்தக் கட்டணத்தைத் திரும்பத் தருவதோடு அதைப்போல் இருமடங்கு அபராதமும் தர வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு விதி சொல்கிறது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி ஏழு வேலைநாளுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

2024இன் தொடக்கத்தில் நாட்டில் புழங்கும் கிரெடிட் கார்டுகள் பத்துக் கோடியைத் தாண்டின. அதற்குச் சில மாதம் முன்பு, 2023 நவம்பரில், ஈடில்லாத கடன்கள் வளரும் வேகத்தைப் பார்த்து ரிசர்வ் வங்கி, கார்டுக் கடனுக்கு வங்கிகள் வைக்க வேண்டிய இடர் மதிப்பை 125இலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. கடன் கொடுப்பவரே கெட்ட மாதத்துக்குக் கூடுதலாக மூலதனம் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று உத்தரவு. கடன் வாங்கப் போகும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் மட்டும் நல்ல மாதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, இந்த அறிவுரையைச் சொல்லும் டீம் லீடர்களிடமும் அண்ணன்களிடமும் காணொளி போடுகிறவர்களிடமும் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை ஒரு பிள்ளைக்குக் கார்டைப் பரிந்துரைக்கும்போது, அந்தக் கார்டின் மாத வட்டி எவ்வளவு என்பதை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். கமிஷன் வாங்கினால் அதையும் சொல்லுங்கள். கல்விக்கடன் இருக்கிறதா, கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு, எந்தக் கார்டு என்று பேசலாம்.